நம்ம மேனேஜருக்கும் கல்தாவா? கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குச் சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு பயம் பிடித்துக்கொள்ளும். எங்கோ ஒரு கிளப் தன் மேனேஜருக்கு, அதாவது தலைமைப் பயிற்சியாளருக்கு, கல்தா கொடுக்கும். அன்று மாலையே அந்தக் காலி இடத்துக்கு நான்கைந்து பெயர்கள் அடிபடும், அதில் நம்மவர் பெயரும் இருக்கும். இல்லையென்றால் நம் அணியே வரிசையாகத் தோற்று, கல்தா நம் வாசலிலேயே வந்து நிற்கும். இந்த இரண்டு பயத்தோடும் பல வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன். கூட ஆட்டம் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, நான் மனதார நம்பும் பதில்களோடு எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. நான் அதிகம் பார்ப்பது அங்கேதான்.

நாலு ஆட்டம் தோற்றாலே தூக்கிவிடுகிறார்களே, முன்பெல்லாம் இப்படி இல்லையே?

முன்பும் இருந்தது. 1974-ல் லீட்ஸ் யுனைடெட் பிரையன் க்ளஃபை 44 நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அதே க்ளஃப் பிறகு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போய் 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனின் 26 வருஷங்களும் ஆர்சனலில் வெங்கரின் 22 வருஷங்களும் நம் மனதில் நிற்பதால் அந்தக் காலமே பொறுமையான காலம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் இருவரும் அன்றைக்கும் விதிவிலக்குகள்தான்.

ஆனால் வேகம் கூடியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் லெவர்குசன், எரிக் டென் ஹாகை இரண்டே லீக் ஆட்டங்களுக்குப் பிறகு நீக்கியது. அக்டோபரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆஞ்ச் போஸ்டெகோக்லுவை 39 நாளில் அனுப்பியது. செல்சியிடம் 0-3 என்று தோற்று, விசில் ஊதிச் சில நிமிஷங்களில் அறிவிப்பு வந்துவிட்டது. ஸ்டேடியத்தை விட்டு ஜனம் வெளியேறிக்கூட முடிக்கவில்லை.

காரணம் பணம். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் மூன்று ஒவ்வொரு சீசனும் இரண்டாம் நிலைக்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் பெருமளவு போய்விடும். 25 வீரர்களை ஒரே வாரத்தில் மாற்ற முடியாது, அதற்கு வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ திறக்க வேண்டும். மேனேஜரை மாற்ற எந்த விண்டோவும் வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் ஓனரின் கை எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே லீவர் அதுதான்.

கோப்பை வென்று கொடுத்தவரைக்கூடவா தூக்குவார்கள்?

தூக்குவார்கள். எனக்கு இன்னும் ஆறாத காயம் கிளாடியோ ரனியேரி. 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் சொன்ன லெஸ்டர் சிட்டியை 2016 மே மாதம் பிரீமியர் லீக் சாம்பியனாக்கினார். 2017 பிப்ரவரி 23 அன்று நீக்கப்பட்டார். இடையில் ஒன்பது மாதம். செல்சியில் ராபர்டோ டி மட்டேயோ 2012 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்றார், நவம்பரில் வெளியே. டாட்டன்ஹாமுக்கு 17 வருஷம் கழித்து ஒரு கோப்பையைக் கொண்டுவந்தவர் போஸ்டெகோக்லு. 2025 மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக், ஜூன் முதல் வாரத்தில் கல்தா. லீக்கில் அணி 17-வது இடத்தில் முடித்திருந்தது என்பதும் உண்மை. ரியல் மாட்ரிட் 2003-ல் விசென்டே டெல் போஸ்கேயை லீக் வென்ற மறுநாளே போகச் சொன்னது.

கோப்பை நமக்கு நினைவு. கிளப்பை நடத்தும் போர்டுக்கு அது முடிந்துபோன கணக்கு. இரண்டு பேரும் ஒரே மனிதரைத்தான் பார்க்கிறோம். நாம் நடந்ததை வைத்துப் பார்க்கிறோம், அவர்கள் வரப்போகும் பத்து ஆட்டத்தை வைத்துப் பார்க்கிறார்கள்.

"மேனேஜர் மீது முழு நம்பிக்கை உள்ளது" என்று போர்டு அறிக்கை விட்டிருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

வேண்டாம். ரனியேரிக்கு "அசைக்க முடியாத ஆதரவு" என்று லெஸ்டர் அறிக்கை வெளியிட்டது நீக்கத்துக்கு இரண்டே வாரத்துக்கு முன். நம்பிக்கை இருக்கும் இடத்தில் அறிக்கை தேவைப்படுவதில்லை.

ஒப்பந்த நீட்டிப்பும் காப்புக்கயிறு ஆகாது. மான்செஸ்டர் யுனைடெட் 2024 கோடையில் டென் ஹாகின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. அதே அக்டோபரில் நீக்கிவிட்டது. அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் கொடுத்து முடிக்க ஆன செலவு 1 கோடியே 4 லட்சம் பவுண்டு என்று கிளப்பின் கணக்கிலேயே வந்தது.

அப்படியானால் நிஜமான அறிகுறி எது?

நான் முதலில் பார்ப்பது காலண்டர். தேசிய அணிகளுக்காக லீக் இரண்டு வாரம் நிற்கும் இடைவெளிகளில்தான் கல்தாக்கள் குவியும். புதிதாக வருபவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்பதால் போர்டு அதற்காகவே காத்திருக்கும். இடைவெளிக்கு முந்தைய ஞாயிறு சொந்த மைதானத்தில் கீழ்வரிசை அணியிடம் தோற்றால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது.

அடுத்தது, கோல் வாங்கிய பிறகு வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. நடுவில் தடுப்பாடும் சென்டர் பேக் ஓடிப்போய்ப் பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வருகிறாரா, இல்லை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாரா. மாற்றி வெளியே எடுக்கப்பட்ட வீரர் மேனேஜரின் கையைத் தொட்டுவிட்டுப் போகிறாரா, முகத்தைப் பார்க்காமலே நேரே பெஞ்சுக்குப் போகிறாரா. டிரெஸ்ஸிங் ரூம் கைவிட்டுப் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதுவதற்கு மூன்று வாரம் முன்பே இதெல்லாம் திரையில் தெரிந்துவிடும். வதந்திகளை நான் பொருட்படுத்துவதில்லை. பந்தயச் சந்தையில் அவர் பெயர் மேலே ஏறுவதையும்கூட. சிறிதளவு பணம் விழுந்தாலே அங்கே விகிதம் மாறிவிடும்.

புது மேனேஜர் வந்த உடனே ஜெயிக்க ஆரம்பிக்கிறார்களே. அப்போது நீக்கியது சரிதானே?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு நண்பர்களோடு அதிகச் சண்டை வரும்.

ஜெயிப்பது உண்மைதான். ரனியேரி போன பிறகு கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். லெஸ்டர் அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்று 12-வது இடத்தில் முடித்தது. 2025 பிப்ரவரியில் ஃபெய்னூர்ட் தன் மேனேஜர் பிரையன் பிரிஸ்கேயை மிலான் அணியுடனான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன் நீக்கியது. இடைக்கால மேனேஜரை வைத்துக்கொண்டு 1-0 என்று ஜெயித்து, இரண்டாவது ஆட்டத்தைச் சமன் செய்து, மிலானை வெளியேற்றியது.

ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் இதில் நிறைய இருக்கிறது. ஒரு மேனேஜரை எப்போது தூக்குகிறார்கள்? அணி அதலபாதாளத்தில் இருக்கும்போது. அந்தப் பாதாளத்தில் மோசமான ஆட்டம் மட்டும் இருப்பதில்லை. போஸ்டில் பட்டுத் திரும்பிய பந்துகள், ஒரே மாதத்தில் மூன்று டிஃபெண்டர்களுக்குக் காயம், வரிசையாக மேல்நிலை அணிகளோடு ஆட்டம் என்று கெட்ட நேரமும் கலந்திருக்கும். கெட்ட நேரம் தானாகவே விலகும். அது விலகும் வாரத்தில் புதியவர் உள்ளே வந்து நிற்கிறார், பெயர் அவருக்குப் போகிறது.

நெதர்லாந்தின் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்தார். மேனேஜரை நீக்கிய அணிகளை மட்டும் பார்க்காமல், அதே அளவு சரிந்தும் மேனேஜரை நீக்காத அணிகளையும் பக்கத்தில் வைத்தார். இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டிருந்தன. நீக்காமல் மீண்ட அணிகளைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை, அதனால் அவை நம் கண்ணில் படுவதில்லை.

லெஸ்டரையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆட்டம் வரிசையாக வென்ற ஷேக்ஸ்பியரையும் அதே வருஷம் அக்டோபரில் நீக்கினார்கள்.

"பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தார்கள்" என்றால் என்ன?

பெரும்பாலும் நீக்கம்தான், பண விஷயத்தைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று பொருள். மேனேஜருக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் இருந்து முதல் வருஷத்திலேயே நீக்கினால், மிச்சச் சம்பளத்துக்குக் கிளப் பதில் சொல்ல வேண்டும். அதனால் இப்போது பல ஒப்பந்தங்களில் 'நீக்கினால் இவ்வளவு' என்று முன்பே எழுதிவிடுகிறார்கள். வேறு வேலை கிடைத்ததும் பணம் நிற்கும் என்ற ஷரத்தும் சிலவற்றில் உண்டு.

பேசி முடியாவிட்டால் செலவு எகிறும். 2018-ல் ஆன்டோனியோ கான்டேயை நீக்கியதற்கு, சட்டச் செலவையும் சேர்த்து, செல்சிக்கு 2 கோடியே 66 லட்சம் பவுண்டு ஆனது. ஒரு மேனேஜர் தனியாகவும் போவதில்லை. உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், ஆட்ட ஆய்வாளர் என்று ஒரு சிறு கூட்டமே பெட்டி கட்டும். அவர்கள் பெயர் அறிவிப்பின் கடைசி வரியில் வரும். நான் அந்த வரியையும் படிப்பேன், அதில் இருப்பவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

வேறொரு கிளப் தன் மேனேஜரை நீக்கினால் எனக்கு ஏன் வயிற்றைக் கலக்க வேண்டும்?

கலக்கத்தான் வேண்டும். 2021 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் தேதி சனிக்கிழமை நாரிச் சிட்டி, பிரென்ட்ஃபோர்டை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. அந்த சீசனில் அதுதான் முதல் லீக் வெற்றி. சில மணி நேரத்தில் மேனேஜர் டானியல் ஃபார்க்கே நீக்கப்பட்டார். அந்தக் கிளப்பை இரண்டு முறை பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர் அவர். மறுநாள் ஆஸ்டன் வில்லா, டீன் ஸ்மித்தை நீக்கியது. வில்லாவின் காலி இடத்துக்கு ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸிலிருந்து ஸ்டீவன் ஜெரார்ட் வந்தார். அடுத்த சில நாளில் வில்லா கழற்றிவிட்ட ஸ்மித், நாரிச்சின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதில் ஒன்றும் செய்யாமல் அடிபட்டவர்கள் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள். அவர்கள் அணி முந்தைய சீசனில்தான் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் ஆகியிருந்தது. அவர்கள் மேனேஜரைப் பற்றி யாருக்கும் புகாரில்லை. வில்லாவின் ஊரான பர்மிங்ஹாமில் ஒருவர் வேலை போனதால் ரேஞ்சர்ஸின் ஊரான கிளாஸ்கோவில் ஒரு கூட்டம் அனாதையானது.

நன்றாக ஆடும் அணியின் ரசிகர்தான் இதில் அதிகம் பயப்பட வேண்டியவர். தோற்கும் மேனேஜரை யாரும் திருடுவதில்லை. (ரேஞ்சர்ஸின் கதை அங்கே முடியவில்லை. ஜெரார்டுக்குப் பிறகு வந்த ஜியோவானி வான் ப்ராங்க்ஹார்ஸ்ட் அதே சீசனில் அணியை யூரோப்பா லீக் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். வில்லா ஒரு வருஷம் முடிவதற்குள் ஜெரார்டை நீக்கிவிட்டது. நாரிச் அந்த சீசனைக் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது.)

நம்மவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டால் நம் கதி என்ன?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் மேனேஜரிடம் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

2022 நவம்பரில் சவுதாம்ப்டன் தன் மேனேஜரை நீக்கிவிட்டு லூட்டன் டவுனின் நேதன் ஜோன்ஸை அழைத்துக்கொண்டது. லூட்டன் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த சின்ன கிளப். பத்து வருஷத்துக்கு முன் ஐந்தாம் நிலையில் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஜோன்ஸ் முக்கியமானவர். அவர் போனதும் லூட்டன் ரசிகர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லூட்டன் யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? அந்த செப்டம்பரில்தான் வாட்ஃபோர்டிலிருந்து கல்தா வாங்கியிருந்த ராப் எட்வர்ட்ஸை. வாட்ஃபோர்ட், லூட்டனின் பரம எதிரி.

ஆறு மாதம் கழித்து, 2023 மே 27, வெம்ப்ளி மைதானம். மேலே ஏறும் கடைசி இடத்துக்காக கோவென்ட்ரிக்கு எதிராக நடந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் பெனால்டி ஷூட்-அவுட்டில் 6-5 என்று வென்று, 31 வருஷத்துக்குப் பிறகு லூட்டன் முதல் நிலை லீக்குக்கு ஏறியது. ஜோன்ஸை எடுத்துக்கொண்டு போன சவுதாம்ப்டன் அவரைப் பிப்ரவரியிலேயே நீக்கியது, அதே மே மாதம் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது.

அதே சீசனில் பிரைட்டனும் உண்டு. செப்டம்பரில் நான்காவது இடத்தில் இருந்தபோது செல்சி வந்து கிராஹம் பாட்டரையும் அவர் உதவியாளர்களையும் பெரும் தொகை கொடுத்து அழைத்துப் போனது. பிரைட்டன் பத்தே நாளில் இத்தாலியின் ராபர்டோ டி ஜெர்பியை நியமித்தது. சீசன் முடிவில் பிரைட்டன் ஆறாவது இடம், கிளப் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டி. செல்சி 12-வது இடம். பாட்டர் ஏப்ரலிலேயே வெளியே.

பிரைட்டன் எப்படிப் பத்து நாளில் ஆளைப் பிடித்தது? வீரர்களைத் தேர்ந்தெடுப்பது அங்கே மேனேஜரின் தனி வேலை இல்லை. கிளப்பின் ஆட்கள், கிளப்பின் தரவுகள், கிளப்பின் ஆட்டமுறை. மேனேஜர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவருக்கு அடுத்து யார் என்ற பட்டியலைக் கையில் வைத்திருக்கிறார்கள். கேட்க மனம் கசக்கும். ஆனால் நல்ல கிளப்பின் லட்சணம் அதுதான்.

இனி மறுபக்கம். சார்ல்டன் அத்லெடிக்கில் ஆலன் கர்பிஷ்லி 15 வருஷம் இருந்தார், 2006-ல் கௌரவமாக விடைபெற்றார். அடுத்த ஒரே சீசனில் மூன்று மேனேஜர்கள் மாறினார்கள், சார்ல்டன் கீழே இறங்கியது. 2009-ல் இன்னொரு படியும் இறங்கியது. மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசன் போனபின் ஆறு வருஷ ஒப்பந்தத்தில் வந்த டேவிட் மோய்ஸ் பத்து மாதம்தான் தாங்கினார். இந்த இரண்டு கிளப்பிலும் அந்த ஒரு மனிதரின் தலைக்குள்தான் எல்லாமே இருந்தது. அவர் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

அதனால் யாராவது "எங்க மேனேஜர் போய்டுவாரோ" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கிளப்பில் வீரர்களை வாங்குவது யார்? அந்த ஆள் நாளைக்கும் அங்கே இருப்பாரா? இருப்பார் என்றால் கொஞ்சம் தூங்குங்கள். மேனேஜரோடு அவரும் கிளம்புகிறார் என்றால், உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் இதற்கு நடுவில் நிற்கிறது. 2024 நவம்பரில் அவர்கள் மேனேஜர் ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனபோது அவர்கள் லீக்கில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்றிருந்தார்கள். அடுத்து வந்தவர் கிறிஸ்துமஸைத் தாண்டவில்லை. மூன்றாவதாக வந்த ரூயி போர்ஜெஸ் தள்ளாடிய அணியை நிமிர்த்திச் சாம்பியனாக்கிவிட்டார். முதல் தேர்வு தப்பிப்போனாலும் இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது.

ஒப்பந்தம் இருக்கும்போது எப்படிப் போக முடியும்? கிளப் தடுக்க முடியாதா?

சட்டப்படி தடுக்கலாம். பிரீமியர் லீக் விதிப்படி ஒப்பந்தத்தில் இருக்கும் மேனேஜரிடம் அவருடைய கிளப்பின் அனுமதி இல்லாமல் இன்னொரு கிளப் பேசக்கூடாது. விடுவிப்புத் தொகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதைக் கொடுத்தவுடன் கதவு திறந்துவிடும். எழுதவில்லை என்றால் பேரம்.

ஆனால் மனசு போன மேனேஜரைக் கட்டிவைத்துப் பயனில்லை. திங்கட்கிழமை பயிற்சிக்கு வரும் வீரர்களுக்கு அது முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இருக்க விரும்புகிறவர்களும் உண்டு. 2024 கோடையில் இப்ஸ்விச் டவுனின் கீரன் மெக்கென்னா பெயர் பெரிய கிளப்புகளோடு அடிபட்டது. தொடர்ந்து இரண்டு முறை அணியை மேலே ஏற்றியவர், யார் வேண்டாம் என்பார்கள்? அவர் இப்ஸ்விச்சிலேயே புது ஒப்பந்தம் போட்டார். அடுத்த சீசன் அணி கீழே இறங்கியபோதும் கிளப் அவரை விடவில்லை.

பொறுமையாக இருந்தால் பலன் கிடைக்குமா?

எல்லோரும் ஃபெர்குசன் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் கடைசிவரை.

1989 டிசம்பரில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு ரசிகர் பேனர் பிடித்தார். மூன்று வருஷமாகச் சாக்குப்போக்கு, இன்னும் அதே குப்பை, போய்வாருங்கள் ஃபெர்கி என்பது அதன் சாரம். 1990 ஜனவரி 7, எஃப்.ஏ. கோப்பை மூன்றாவது சுற்று, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானம். தோற்றால் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. மார்க் ஹியூஸ் காலின் வெளிப்புறத்தால் வளைத்து உள்ளே அனுப்பிய பந்து ஒரு முறை தரையில் பட்டு எழும்பியது. மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் குனிந்து தலையால் முட்டினார். 1-0. அந்தக் கோப்பையை யுனைடெட் வென்றது. முதல் லீக் பட்டம் அதற்கும் மூன்று வருஷம் கழித்து, 1993-ல். பிறகு இன்னும் 12.

தோற்றிருந்தாலும் நீக்கியிருக்க மாட்டோம் என்று அப்போதைய சேர்மன் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். நான் அதை நம்புகிறேன். இளைஞர் அணியில் ஃபெர்குசன் என்ன கட்டிக்கொண்டிருந்தார் என்பது போர்டுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பொறுமையாக இருந்ததற்கு அந்தக் காரணம் இருந்தது.

அந்த ராபின்ஸ்தான் பின்னால் கோவென்ட்ரி சிட்டியின் மேனேஜரானார். மேலே சொன்ன வெம்ப்ளி ஷூட்-அவுட்டில் லூட்டனிடம் தோற்ற அணி அவருடையது. நான்காம் நிலையிலிருந்து கிளப்பை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர். 2024 நவம்பரில், ஏழு வருஷத்துக்கும் மேல் ஆனபின், அவரை நீக்கினார்கள். ஒரு மேனேஜரின் வேலையைக் காப்பாற்றியதாகச் சரித்திரம் சொல்லும் மனிதரின் வேலையைக் காப்பாற்ற யாரும் குனிந்து முட்டவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு நெஞ்சு கனத்தது.

பொறுமை பலித்த இன்னொரு இடம் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க். 2015-ல் அணி கீழே இறங்கியபோது கிறிஸ்டியன் ஷ்ட்ரைக்கை அவர்கள் தொடவில்லை. மறு வருஷமே இரண்டாம் நிலைச் சாம்பியனாகத் திரும்பினார்கள். 2024-ல் அவராகவே விலகியபோது முன்னாள் கேப்டன் யூலியன் ஷூஸ்டர் வந்தார், முதல் சீசனிலேயே ஐந்தாவது இடம். பர்ன்லியும் 2015-ல் ஷான் டைச்சை அப்படித்தான் வைத்துக்கொண்டது, அடுத்த வருஷமே ஏறி வந்தது. அதே பர்ன்லி 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அவரை நீக்கியது. அப்படியும் இறங்கியது.

அப்படியென்றால் யாரையுமே நீக்கக்கூடாது என்கிறீர்களா?

இல்லை. சவுதாம்ப்டன் 2013 ஜனவரியில் நைஜல் அட்கின்ஸை நீக்கியபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டு சீசனில் இரண்டு படி ஏற்றிவிட்டவர் அவர். வந்தவர் மவுரிசியோ பொச்செட்டினோ. அவர் 2014-ல் டாட்டன்ஹாமுக்குப் போனார், ரொனால்ட் கூமன் வந்தார். 8, 7, 6-வது இடம் என்று மூன்று வருஷம் அணி ஒவ்வொரு படியாக ஏறியது. என் கோபம் தப்பு. 2023-ல் போர்ன்மவுத், அணியைக் கீழே இறங்காமல் காப்பாற்றிக் கொடுத்த கேரி ஓ'நீலை நீக்கிவிட்டு ஆன்டோனி இராவோலாவைக் கொண்டுவந்தபோதும் தப்பாகத்தான் நினைத்தேன். வில்லா ஜெரார்டை அனுப்பிவிட்டு உனாய் எமரியை அழைத்திராவிட்டால் 2024-ல் நான்காவது இடம் வந்திருக்காது.

இந்த மூன்று கிளப்பும் யாரை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நீக்கினார்கள். "முதலில் தூக்கு, ஆளைப் பிறகு பார்ப்போம்" என்பவர்களைத்தான் நான் பயந்து பார்க்கிறேன்.

ஸ்டேடியத்தில் "வெளியே போ" என்று கத்துவது சரியா?

ஆட்டத்தைப் பற்றிக் கோபப்படலாம், டிக்கெட் வாங்கியவரின் உரிமை அது. ஆளைக் குதறக்கூடாது. ஸ்டீவ் புரூஸ் 2021 அக்டோபரில் மேனேஜராகத் தன் 1000-வது ஆட்டத்தை நியூகாசிலுடன் முடித்தார், மூன்று நாளில் விலகினார். வசவு தன்னையும் தன் மனைவியையும் எந்த அளவு வாட்டியது என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். அறுபது வயது மனிதர், ஆயிரம் ஆட்டம். அதைப் படித்ததிலிருந்து மைதானத்தில் யார் அந்தப் பாட்டை எடுத்தாலும் நான் சேர்ந்து பாடுவதில்லை.

பெண்கள் கால்பந்திலும் இதே கதைதானா?

அங்கே இன்னும் கொஞ்சம் நிதானம் இருக்கிறது. செல்சியில் எம்மா ஹேய்ஸ் 2012 முதல் 2024 வரை இருந்தார். அமெரிக்க தேசிய அணிக்குப் போவதைச் சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே சொல்லிவிட்டு, தொடர்ந்து ஐந்தாவது லீக் பட்டத்தையும் வென்றுவிட்டுத்தான் போனார். அடுத்து வந்த சோனியா போம்பாஸ்டர் முதல் சீசனில் உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றையும் அள்ளினார், லீக்கில் ஒரு தோல்விகூட இல்லை. விடைபெறும் தேதி முன்பே தெரிந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நேரில் பார்த்தே இராத ஒருவர் வேலையை விட்டுப் போவதற்காக அழுவது அசட்டுத்தனம் இல்லையா?

இல்லவே இல்லை. 2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. யூர்கன் க்ளாப் லிவர்பூலை விட்டுப் போகிறேன் என்று சொல்லும் வீடியோ வந்தது. சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். வேலைக்கு நடுவில் போனை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், எழுத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவரை யாரும் நீக்கவில்லை, அவர் நலமாக இருந்தார், அப்படியும் தொண்டை அடைத்தது.

எட்டு வருஷத்துக்கு மேல் வாராவாரம் ஒருவர் முகத்தைப் பார்க்கிறோம். அந்த வருஷங்களில் நம் வீட்டிலும் என்னென்னவோ நடந்திருக்கும். யாரோ பிறந்திருப்பார்கள், யாரோ இல்லாமல் போயிருப்பார்கள். அந்த ஆட்டங்களை நம்மோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் இன்று இல்லை. மேனேஜர் போகும்போது அந்த நாட்களும் சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு போகின்றன. அழுகை அதற்குத்தான்.

புதியவரை மனசு ஏற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

நேரம் கொடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. முதல் ஆட்டத்தில் பழையவரோடு ஒப்பிடாமல் இருக்க யாராலும் முடியாது. நானும் ஒப்பிட்டேன். க்ளாபுக்குப் பிறகு லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லாட்டின் மொட்டைத் தலையும் அமைதியான பேச்சும் எனக்கு முதலில் ஒட்டவே இல்லை. பக்கவாட்டுக் கோட்டில் குதிக்காத ஒரு மேனேஜரை எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 2024 மே 19, க்ளாபின் கடைசி ஆட்டம் முடிந்து லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் அவர் மைக்கைப் பிடித்த காட்சி. தன்னைப் பற்றிப் பாட வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், அங்கே இல்லாத, இன்னும் வேலையில்கூடச் சேராத ஆர்னே ஸ்லாட்டின் பெயரை ராகம் போட்டுப் பாடி, கூட்டத்தையும் பாட வைத்தார்.

2025 ஏப்ரல் 27, அதே மைதானம். டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று லீக் பட்டம் உறுதியான மாலை. ஸ்லாட்டின் கையில் மைக் வந்தது. அவர் யூர்கன் க்ளாபின் பெயரைப் பாடினார்.